இரண்டு விலா மேலே

துணி கிழிகிற சத்தம். தி. நகரில் ஒரு ஜாக்கெட் துணிக் கடை. கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சர்ரென்று ஒரே நேர்கோடு. பக்கத்தில் நின்ற பெண்கள் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு அது துணி இல்லை, காகிதம். நொடிக்கு நூறு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, தரையில் மடிந்து மடிந்து விழுந்து, கடைசியில் என் கையால் கிழிபடும் சிவப்புக் கட்டம் போட்ட காகிதம். அதில் ஓடுவது ஒருவருடைய உயிர். கிழிக்கும்போது கோணலாகிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கடையிலும் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, "என்னம்மா, அளவு போதுமா?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டாராம்.

ஆஸ்பத்திரியில் இதயப் பரிசோதனை வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஐம்பத்து மூன்று வயதில் நானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஓரிடத்தில் கால் நிற்காது எனக்கு, மனசும் நிற்காது. நான் கிளம்பிய வருடம் ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியது. இதயத்தைத் திரையில் பொம்மைபோல் சுழற்றி, வண்ணம் தீட்டி, கோளாறு இருக்கும் புள்ளியைச் சிவப்பாகக் காட்டிவிடும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் திவ்யா போன மாதம் ஃபோனில் கேட்டாள், இது இல்லாத காலத்தில் வலமா இடமா என்று எப்படி மேடம் சொன்னீர்கள் என்று. காகிதத்தைப் பார்த்துச் சொன்னோம் என்றேன். பாதி உண்மை. மீதியை ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்பு இரண்டு வருடம். எலும்புகளின் பெயர் மனப்பாடம், கம்பிகளின் நிறம் மனப்பாடம், அவ்வளவுதான். கை கற்றுக்கொண்டது அதற்கப்புறம், நெரிசலான ஒரு வெளிநோயாளர் பிரிவில். ஒரே அறை, நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை, இருமலும் பேச்சுமாக. இந்தப் பக்கம் கட்டிலில் படுக்கிற ஒவ்வொரு பெண்ணும் முதல் வேலையாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். ஈ.சி.ஜி. எடுக்க மார்பில் ஆறு இடத்தில், ரப்பர் பல்பு வைத்த உலோகக் கிண்ணங்களை ஒட்ட வேண்டும். முதல் கிண்ணத்துக்கு வி-ஒன் என்று பெயர். நடுநெஞ்செலும்பின் வலது ஓரம், நான்காவது விலா இடைவெளி. ஜாக்கெட்டின் மேல் கொக்கிகளைக் கழற்றாமல் அங்கே போக முடியாது. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த அக்கா ஒரு வழி காட்டினார். கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு விரல், ஜாக்கெட் கழுத்துக்கு மேலே தோல் தெரிகிறதே, அங்கே வை. கொஞ்சம் மேலே போனால் என்ன, இதயம் ஓடியா போய்விடும் என்றார்.

ஓடிப் போகவில்லை. முந்தானை நகராமல் எடுக்கத் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெண்ணிடமே எடுத்துக்கொள்கிறோம் என்று காத்திருந்தார்கள். ஒரு பாட்டி என் கன்னத்தை வழித்து விரலைச் சொடுக்கினாள். இதைவிட நல்ல வேலைக்காரி யார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெயரோடுதான் தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தேன். கே.கே. நகரிலிருந்து பஸ். ஏழு மணிக்கு இதயப் பரிசோதனைக் கூடத்தில் இருக்க வேண்டும். அந்தக் கூடத்தை நடத்தியவரை எல்லாரும் சீஃப் என்போம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிற ஒரு டிவைடர், முனையில் கார்க் சொருகி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தணியும். பக்கத்தில் போய் நின்றுதான் திட்டு வாங்க வேண்டும்.

இதயத்தை அவர் போர்ஷன் வீடு என்பார். மேலே இரண்டு போர்ஷன், கீழே இரண்டு, நடுவில் பொதுச் சுவர். வலது மாடியின் உச்சியில் ஒரு பிறவி இடம் இருக்கிறது. வீடு மொத்தத்துக்கும் தாளம் அங்கிருந்து வர வேண்டும். சிலருக்கு மாடியில் வேறெங்கோ ஒரு பொட்டு இடம் யாரையும் கேட்காமல் தனித் தாளம் போட ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு நூற்று அறுபது, நூற்று எழுபது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பிக் குழாயை ஏற்றி, நுனியால் சுட்டுவிட்டால் அடங்கிவிடும். கண்டுபிடிப்பதுதான் வேலை. வலது மாடிக்குக் கீழிருந்து நேர் வழி உண்டு. இடது மாடிக்கு அப்படி வழி இல்லை, நடுச் சுவரை ஊசியால் குத்தித்தான் போக வேண்டும். ஊசி கொஞ்சம் முன்னே சறுக்கினால் பெருந்தமனி, பின்னே சறுக்கினால் இதயத்துக்கு வெளியே. எனவே சுவரைத் தொடுவதற்கு முன்னால் எந்தப் போர்ஷன் என்று தெரிய வேண்டும்.

காகிதத்தில் கீழ்வீட்டுத் துடிப்பு கோபுரம்போல் உயரமாக விழும். மாடித் துடிப்பு அதற்கு முன்னால் அரிசி மணி அளவில் ஒரு மேடு. பி அலை என்று பெயர். வேகமாக ஓடும்போது அந்த அரிசி முந்தின துடிப்பின் வாலில் போய் ஒளிந்துகொள்ளும். சீஃப் நோயாளியின் கழுத்துப் பக்கம் நாடியை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவார். மாடித் தாளம் ஓடிக்கொண்டே இருக்க, கீழ்வீடு ஒரு கணம் வாய் மூடும். அந்த இடைவெளியில் அரிசி மணிகள் மட்டும் தனியாக வரிசை போகும். அந்த இரண்டு நொடிக்குத்தான் நான் காகிதத்தை முழு வேகத்தில் ஓட்டுவேன். வி-ஒன் கம்பியில் அரிசி நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் இடது மாடி. குப்புற விழுந்திருந்தால் வலது. கிழித்துக் கொடுப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, டிவைடரால் அடியடியாக அளந்துகொண்டே, "எந்தப் போர்ஷன்?" என்பார்.

அந்தக் கேள்வி கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. கேஸ் தொடங்குமுன் அவரவர் பெயரின் முதல் எழுத்துக்கு எதிரே வ அல்லது இ எழுத வேண்டும். உதவி டாக்டர், நர்ஸ், நான், கடைசியில் அவர். வலம், இடம். முடிந்ததும் சரியாக எழுதியவர்களுக்கு சீஃப் கணக்கில் ரோஸ்மில்க். நான் நிறையக் குடித்திருக்கிறேன். பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிலோமினா டீச்சர் வந்தது ஒரு பிப்ரவரியில். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், முப்பத்தொரு வயது. வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர் கூப்பிடுவதற்குள் மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறவர். படபடப்பு, பயம், கல்யாணமாகிக் குழந்தை இல்லாத கவலை என்று இரண்டு வருடம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஓடி ஓடி அந்த இதயம் களைத்து விரிய ஆரம்பித்திருந்தது. கணவர் அந்தோணி பஸ் டிரைவர். மனைவியின் பதினாறு ஈ.சி.ஜி.யையும் தேதி வாரியாக பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"பிரேக் புடிக்காத வண்டி மாதிரி கீது மேடம். அது நிக்கவும் மாட்டுது, இவ ஒக்காரவும் மாட்டுறா" என்றார்.

"வண்டின்னு என்னைத்தான் சொல்றாரு. பாத்துக்குங்க" என்றார் டீச்சர், மூச்சுக்கு நடுவில்.

அவருக்கு எங்கள் மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி. எல்லாம் என் கைதான். வி-ஒன்னில் அரிசி குப்புற விழுந்திருந்தது. கை கால்களில் மாட்டிய கம்பிகள் வலம் இடம் என்று உறுதியாகச் சொல்லாமல் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து பேசின. பலகையில் நான்கு பேரும் வ எழுதினோம்.

ஐந்து மணி நேரம். எக்ஸ்ரே படாமலிருக்க மாட்டிய ஈய அங்கியின் கனத்தில் தோள் மரத்தது. வலது மாடியின் பின்சுவரில் ஓரிடத்தில் கம்பியின் நுனி கொஞ்சம் முந்திப் பேசியது. பி அலைக்குப் பதினெட்டு மில்லி நொடி முன்னால். முந்த முந்தத்தான் கோளாறு பக்கத்தில்; பதினெட்டு போதாது, குறைந்தது முப்பது வேண்டும், ஆனால் அதைவிட முந்தின இடம் வலது பக்கம் எங்குமே இல்லை. சுட்டார். நின்றது. ஐந்து நிமிடத்தில் மறுபடி ஓடியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. கடைசியில் சீஃப் கையுறையைக் கழற்றி, டீச்சரிடம் போய், இன்று நான் தோற்றேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று ரோஸ்மில்க் கிடையாது.

ஆறு வாரம் டீச்சரை வார்டிலேயே வைத்திருந்து மறுபடி தேதி குறித்தார்கள். இந்த முறை இன்னும் மேலே, பிறவித் தாளம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் ஓரத்தில் சுட வேண்டியிருக்கும். அந்த இடமும் சேர்ந்து கருகினால் ஆயுசுக்கும் நெஞ்சில் பேஸ்மேக்கர். முப்பத்தொரு வயதில். டீச்சர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தோணி அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, பேனாவைக் கேட்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு, மருந்தில் அடங்கியிருந்த ஓட்டம் வார்டில் தானாகவே தொடங்கியது. நான் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். டீச்சர் மருத்துவமனை அங்கியில் இருந்தார். முன்பக்கம் முடிச்சுப் போட்டது. ஜாக்கெட்டே இல்லை. ஆனாலும் என் கை நேராகக் கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு விரல் போயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேடம், தெனம் இங்கயேதான் வைக்கிறீங்க. எதிர்ல செவுத்துல மாட்டியிருக்கிற படத்துல கீழல்ல இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். எந்த வார்டிலும் மாட்டியிருக்கும் படம்தான், மார்பில் ஆறு வட்டம் போட்ட மனிதன். வருடக்கணக்கில் அதன் முன்னால் நின்று வேலை செய்தவள் நான். ஆறு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர் அவர்.

"அது ஆம்பளைக்கு வரைஞ்ச படம் டீச்சர்" என்று சிரித்தேன்.

"எலும்பு எனக்கும் அதேதானே?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தானே முடிச்சை அவிழ்த்தார். நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்துக் கீழே வந்தேன். எலும்பின் மேல்பகுதியில் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன முண்டு, அதன் பக்கத்தில் இரண்டாவது விலா, அதன் கீழ் இரண்டாவது இடைவெளி, மூன்றாவது, நான்காவது. என் வழக்கமான இடத்திலிருந்து இரண்டு விலா கீழே. கிண்ணத்தை ஒட்டினேன். மருந்தால் சில துடிப்புகள் கீழ்வீட்டுக்கு இறங்காமல் மேலேயே நின்றுகொண்டிருந்தன; அரிசி மணிகள் தனியாகத் தெரிந்தன. எல்லாம் நிமிர்ந்து நின்றன.

கம்பியை மாற்றிச் செருகிவிட்டேன் என்று நினைத்தேன். சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மேலே வைத்தேன், குப்புற விழுந்தது. கீழே வைத்தேன், எழுந்தது. அந்த அலை மேலிருந்து கீழும் முன்னும் வருகிறது. நான் உயரத்தில் நின்று அதன் முதுகைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் தெருவில் நின்றால்தான் தெரியும். காகிதம் கோணலாகக் கிழிந்தது.

சீஃப் அன்று மதியமே வெளியூர்க் கூட்டத்துக்குப் போய்விட்டார், காலையில் நேராகக் கூடத்துக்குத்தான் வருவார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டு நாளைக்கு, கூடத்தில் கிண்ணத்துக்குப் பதிலாக ஒட்டும் ஸ்டிக்கரைச் சரியான இடத்தில் ஒட்டிவிட்டால்? அவர் திரையில் பார்ப்பார், பழைய காகிதத்தோடு ஒப்பிடுவார், இன்று ஏதோ மாறியிருக்கிறது, பழையதை நம்புவோம் என்று வலது பக்கமே சுடலாம். மேலே, அந்தத் தாளத்தின் ஓரத்தில். இல்லை, பழையது பொய் என்று யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

காலையில் பலகையில் உதவி டாக்டர் வ எழுதியிருந்தார். நர்ஸ் வ. சீஃப் கைகழுவப் போகுமுன் தன் பெயருக்கு எதிரே வ எழுதிவிட்டு மூடியைப் பேனாவில் செருகினார். நான் பேனாவை வாங்கி இ எழுதினேன்.

அவர் பார்த்தார். குரல் தணிந்தது. "என்னம்மா இது?"

இரண்டு காகிதத்தையும் நீட்டினேன். "இது மேல வச்சது சார். இது சரியான எடத்துல."

"அப்போ இத்தனை நாளா?"

"மேலதான் சார். ஜாக்கெட் கழுத்துக்கு மேல. போன தடவை இங்க ஒட்டின ஸ்டிக்கரும் அங்கதான்."

ஜன்னலுக்குப் போனார். டிவைடரை எடுத்தார், கார்க்கைக் கழற்றினார், அளக்கவில்லை. உதவி டாக்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தெருவில் ஒரு சைக்கிள் ரிக்ஷாவின் மணி கேட்டது.

"நீ மட்டுமா?"

"எனக்குத் தெரிஞ்சு எல்லாரும் சார். லேடீஸுக்கெல்லாம்."

"நானும் இத்தனை வருஷமா காகிதத்தை மட்டுந்தான் பாத்துண்டிருந்திருக்கேன்" என்றார். கார்க்கை மறுபடி சொருகிக்கொண்டு, "உள்ள வா. என் முன்னாடி வை. வாய் விட்டு எண்ணு."

எண்ணினேன். முண்டு, இரண்டு, மூன்று, நான்கு. டீச்சர் கீழேயிருந்து, என் எலும்பை வைத்து வாய்ப்பாடா என்று கேட்டார். ஸ்டிக்கரை ஒட்டினேன். மருந்துச் சொட்டை ஏற்றி ஓட்டத்தைத் தூண்டினார்கள். சீஃப் கழுத்தை அழுத்தினார். கீழ்வீடு வாய் மூடியது. திரையில் அரிசி மணிகள் நிமிர்ந்து வரிசையாகப் போயின. சீஃப் உதவி டாக்டரைப் பார்த்து, பலகையில் தான் எழுதிய வ-வைத் துடைத்து இ போடச் சொன்னார்.

பிறகு குனிந்து டீச்சரிடம் விளக்கினார். நடுச் சுவரில் ஓரிடம் மெல்லிசு. பிறப்பதற்கு முன்னால் அங்கே ஒரு கதவு இருந்தது, பிறந்ததும் தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது. அது வழியாக ஊசியால் போக வேண்டும். ஆபத்து என்னென்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வெளியே நின்ற அந்தோணியிடம் போயும் சொன்னார். புதுப் படிவம், புதுக் கையெழுத்து.

"போங்க சார்" என்றார் டீச்சர். "தட்டிட்டுப் போங்க."

சுருங்கிப்போன வால்வுகளைத் திறக்க அந்தச் சுவரை எத்தனையோ தடவை தாண்டிய கை சீஃப்புடையது. எக்ஸ்ரே திரையில் ஊசி மேலிருந்து மெதுவாக இறங்கியது. ஓரிடத்தில் தொபுக்கென்று ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்தது. அந்தப் பள்ளம்தான் பழைய கதவு. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார், மறுபடி நேராகப் பார்த்தார். அழுத்தினார். சுவர் கூடாரம்போல் குவிந்தது. நான் அழுத்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு சட்டென்று உருவம் மாறி இடது மாடியின் அழுத்தத்தைக் காட்டியது. "உள்ள சார்" என்றேன். 

வலது நுரையீரலிலிருந்து வரும் மேல்ரத்தக் குழாய் இடது மாடியில்தான் திறக்கிறது. ஆனால் அதன் வாய் வலது மாடியின் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. பக்கத்துப் போர்ஷன் குழாயைத் திறந்தால் நம் சுவரில் சத்தம் கேட்குமே, அப்படி. போன தடவை நாங்கள் கேட்ட பதினெட்டு அந்தச் சத்தம்தான். கம்பியின் நுனி குழாயின் வாயைத் தொட்டது. எத்தனை மில்லி நொடி முந்துகிறது என்று அளந்தேன். நாற்பத்து நான்கு.

"மறுபடி அள."

நாற்பத்து நான்கு.

"குடு."

சூட்டைக் கொடுத்தேன். நான்கு நொடி. ஓட்டம் இன்னும் விரைந்தது, மூன்று துடிப்பு, நான்கு துடிப்பு, பிறகு ஒரு வெற்றுக் கோடு. வெற்றுக் கோட்டின் முடிவில் அதுவரை ஓரமாக ஒதுங்கியிருந்த பிறவித் தாளம் தயங்கி ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. எழுபத்தாறு. அரைமணி நேரம் மருந்தால் சீண்டிப் பார்த்தோம், அது திரும்பி வரவில்லை.  கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தோணி திரையில் ஓடும் கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் வேகம் குறைவதை டிரைவர் அறிவார். சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

அன்று மாலை சீஃப் ரிப்போர்ட் எழுதினார். கையால் எழுதித்தான் தட்டச்சுக்குக் கொடுப்பார். இரண்டாவது பத்தியில் ஒரு வரி: வி-ஒன் இடத்தைத் திருத்தியவர் எஸ். வசந்தி, டெக்னீஷியன். டாக்டர் அல்லாதவர் பெயர் அந்த ரிப்போர்ட்களில் அதற்கு முன்னால் வந்து நான் பார்த்ததில்லை. அதன் நகல் இன்னமும் என் பீரோவில் இருக்கிறது. அடுத்த வாரம் எல்லா டெக்னீஷியன்களையும் வரச் சொல்லி, ஒவ்வொருவராக வாய் விட்டு எண்ண வைத்தார். கட்டிலைச் சுற்றி நாலு பக்கமும் திரை வந்தது. முன்பக்கம் முடிச்சுப் போட்ட அங்கி எல்லாப் பெண்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கேஸ். பலகையில் நான் தப்பாக எழுதியதும் உண்டு. ஆனால் கிண்ணம் வைத்த இடம் தப்பாக இருந்ததில்லை. அந்தப் பெருமையை யார் கேட்டாலும் விட்டுத்தர மாட்டேன்.

மூன்றாம் நாள் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினார். சேலை கட்டி, தலைவாரி, வாசலில் ஆட்டோ பிடிக்கப் போன அந்தோணிக்காக நின்றுகொண்டிருந்தார். சக்கர நாற்காலியை வேண்டாம் என்றிருந்தார். நான் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை அந்த ஐந்து மணி நேரமும், அந்தச் சூடுகளும், ஆறு வாரமும் வந்தது என் கையால் என்று. அவர் குறுக்கிடாமல் கேட்டார், விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு.

"முந்தானையை இழுத்து மூடிக்கிட்டது யாரு? நான்தானே" என்றார்.

"மூடினபடியே விட்டுட்டு மேல வச்சது நான் டீச்சர்."

ஆட்டோ வந்து நின்றது. அந்தோணி கைகொடுத்தார், அதைப் பிடிக்காமலேயே ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சக்கரத்தில் படாமல் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, தலையை வெளியே நீட்டினார்.

"இனிமே வர்றவங்க யாராச்சும் வெக்கப்பட்டா, சாந்தோம் கணக்கு டீச்சர் திட்டுவாங்கன்னு சொல்லி எண்ணுங்க மேடம். நாலு வரைக்கும். மூணோட நிறுத்திடாதீங்க."